24 மணி நேரம், 1,609 கிலோமீட்டர்: கேமரன் மலை மோட்டார் குழுக்கள் போட வேண்டிய கணக்கு

கேமரன் மலையிலிருந்து நண்பர்களோடு மோட்டாரில் நெடுந்தூரம் போய்த் திரும்ப நினைக்கும் இளைஞர்கள் முதலில் பேசுவது எந்த மோட்டார், எத்தனை சிசி, எவ்வளவு வேகம் என்பதைப் பற்றித்தான். திரும்பி வரும்போது எத்தனை மணிக்கு மலை ஏறப் போகிறோம் என்ற கேள்வி பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. சில குழுக்களில் அது வருவதே இல்லை. இங்குள்ளவர்களைப் பொறுத்தவரை பயணத்தை முடிவு செய்யும் கேள்வி அதுதான்.

சமவெளியில் இருப்பவர் களைத்துப் போனாலும் நேரான, விளக்குப் போட்ட சாலையில் வீடு சேர்ந்துவிடலாம். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், போ தோட்டம், சுங்கை பாலாஸ் என்று மேலே இருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. உடம்பு முழுதாகச் சோர்ந்த நேரத்தில்தான் சாலையின் கடினமான பகுதி அவர்களுக்குத் தொடங்குகிறது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சுமார் 60 கி.மீ. கடல் மட்டத்துக்கு அருகில் இருக்கும் ஊரிலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்துக்கு, நூற்றுக்கணக்கான வளைவுகளில் ஏற வேண்டும். 1931-இல் திறக்கப்பட்ட பாதை அது. மலையின் மடிப்புகளை ஒட்டியே வெட்டியதால், அந்த வளைவுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

அகலமான சாலை என்பதால் சிம்பாங் பூலாய் வழி பாதுகாப்பானது என்று நினைப்பவர்களும் உண்டு. 2010 டிசம்பர் 20 அன்று சுற்றுப்பயணிகள் பேருந்து கவிழ்ந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தது அந்தச் சாலையில்தான். அகலம் இருக்கும் இடத்தில் வேகமும் கூடவே வந்துவிடுகிறது.

நெடுந்தூரப் பயணம் என்பது எது?

உலக அளவில் இதற்கு ஓர் அளவுகோலை வைத்திருப்பது அமெரிக்காவில் இயங்கும் ‘அயர்ன் பட்’ சங்கம். பெயரைத் தமிழில் சொன்னால் ‘இரும்புப் பிட்டம்’ என்று வரும். சிரிப்பு வந்தாலும் 20 மணி நேரம் இருக்கையில் உட்கார்ந்தவருக்கு அதன் பொருள் விளங்கும். இந்தச் சங்கம் சான்றளிக்கும் தொடக்கநிலைப் பயணத்தின் பெயர் ‘சேடல்சோர் 1000’. 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது 1,609 கி.மீ. ஓட்டி முடிக்க வேண்டும். அடுத்த நிலையான ‘பன் பர்னர் 1500’-இல் 36 மணி நேரத்தில் 1,500 மைல். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் பெரிய பயணத்தில் கலந்துகொள்பவர்கள் 11 நாட்களில் 11,000 மைல் அளவுக்கு ஓட்டுகிறார்கள்.

இது பந்தயம் இல்லை. முதலில் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே சான்றிதழ்தான். வேகமாக ஓட்டியவருக்குக் கூடுதல் மதிப்பு எதுவும் இல்லை. நம் நாட்டு இளைஞர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம், 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் அனுமதியின்றிப் பொதுச் சாலையில் வேகப் போட்டி நடத்துவதைத் தடை செய்கிறது. காப்புறுதி ஆவணத்தையும் ஒரு முறை எடுத்துப் படித்துப் பார்ப்பது நல்லது. பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் சோதனை ஆகியவற்றுக்கு வாகனத்தைப் பயன்படுத்தினால் இழப்பீடு கிடையாது என்ற விதி மோட்டார் காப்புறுதிகளில் பொதுவாக இருக்கும். ‘யார் முதலில்’ என்று முகநூலில் அறிவித்துவிட்டுப் புறப்படும் குழு, விபத்து நடந்தால் தன் கையாலேயே தனக்கு எதிரான சாட்சியை எழுதி வைத்துவிட்டுப் போகிறது. காப்புறுதி நிறுவனத்தோடு முன்கூட்டியே பேசி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மோட்டார் பெரியதாக இருக்க வேண்டும் என்பதும் கட்டாயம் இல்லை. ஈப்போவைச் சேர்ந்த அனிதா யூசோப் 2015-இல் தனியாகப் புறப்பட்டு, ஓராண்டுக்கு மேல் பயணம் செய்து, நாற்பது நாடுகளைக் கடந்து 60,000 கிலோமீட்டருக்கும் அதிகமாக ஓட்டியது 150 சிசி யமஹாவில்தான். மலையடிவாரத்து ஊர்க்காரர் ஒருவர் உலகையே சுற்றி வந்த வண்டியின் இயந்திரமும், தோட்டத்து இளைஞர் வேலைக்குப் போகும் மோட்டாரின் இயந்திரமும் அளவில் ஒன்றே. ஆனால் அவர் ஒரே நாளில் 1,600 கி.மீ. ஓட்டவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நிற்கும் நேரம்தான் எதிரி

1,609 கிலோமீட்டரை 24-ஆல் வகுத்தால் மணிக்கு 67 கி.மீ. வருகிறது. ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். கணக்கை முழுதாகப் போட்டால் அந்த எண்ணம் மாறிவிடும்.

150 சிசி காப்சாய் வகை மோட்டார்களில் எண்ணெய்த் தொட்டி நான்கு, நாலரை லிட்டர்தான். நெடுஞ்சாலை வேகத்தில் லிட்டருக்கு 40 கி.மீ. என்று வைத்துக்கொண்டாலும், கடைசிச் சொட்டு வரை ஓட்ட முடியாது என்பதால் 130 கி.மீ.க்கு ஒரு முறை நிரப்பியாக வேண்டும். அப்படியென்றால் பயணம் முழுவதற்கும் 12, 13 நிறுத்தங்கள். ஓடும்போது சராசரி வேகம் 85 கி.மீ. என்று பிடித்தால், ஓட்டத்துக்கு மட்டும் 19 மணி நேரம் தேவை. மிச்சம் இருப்பது ஐந்து மணி நேரம்.

இங்கேதான் குழுவின் அளவு வேலை செய்கிறது. இருவர் மட்டும் போனால் பத்து நிமிடத்தில் எண்ணெய் ஊற்றி, தண்ணீர் குடித்து, கழிவறை போய்க் கிளம்பிவிடலாம். 13 நிறுத்தத்துக்கு இரண்டு மணி பத்து நிமிடம். மிச்ச நேரத்தில் இரண்டு மணி நேரம் படுத்துத் தூங்கலாம். ஆறு பேர் போனால் ஒருவர் எண்ணெய் ஊற்ற, ஒருவர் கழிவறையைத் தேட, ஒருவர் கையுறையைக் காணோம் என்று நிற்க, ஒருவர் தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார, நிறுத்தம் 25 நிமிடமாகிவிடும். 13 நிறுத்தத்துக்கு ஐந்து மணி 25 நிமிடம். ஒரு நிமிடம்கூடத் தூங்காமலே 24 மணி நேரம் தாண்டிவிட்டது. அதை ஈடுகட்ட ஒரே வழி வேகத்தைக் கூட்டுவது. பெரிய குழுக்களில் விபத்துக்கான காரணம் சாலையில் உருவாவதற்கு முன்பே எண்ணெய் நிலையத்தில் உருவாகிவிடுகிறது.

ஆகவே ஒரு குழுவில் இரண்டு அல்லது மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். பத்து நண்பர்கள் சேர்ந்தால் மூன்று குழுக்களாகப் பிரிந்து, அரை மணி நேர இடைவெளியில் கிளம்புவது நல்லது. பெரிய தொட்டி கொண்ட 250 சிசி மோட்டாரும் காப்சாயும் ஒரே குழுவில் இருந்தால் காப்சாயின் கணக்குப்படிதான் நிற்க வேண்டும். பெரிய மோட்டார்க்காரருக்கு அது பிடிக்காது. பிடிக்காதவர் வேறு குழுவில் சேர்ந்துகொள்ளட்டும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும் என்ற ஆசையையும் விட்டுவிட வேண்டும். முன்னால் போனவரைப் பிடிப்பதற்காகப் பின்னால் இருப்பவர் முறுக்குவதுதான் வழக்கமாக நடப்பது. அடுத்துச் சந்திக்கும் ஓய்வுத்தளத்தின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் போதும். அதுவரை அவரவர் வேகம்.

கடிகாரம் தாப்பாவில் தொடங்கட்டும்

மலையிலிருந்து கிளம்பி மலையில் முடிப்பதுதான் பெருமை என்ற எண்ணம் இங்கே உண்டு. ‘போ தோட்டத்து வாசலில் தொடங்கி அதே வாசலில் முடிப்போம்’ என்று ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசையைத்தான் முதலில் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் முதல் 60 கிலோமீட்டரும் கடைசி 60 கிலோமீட்டரும் மணிக்கு 40 கி.மீ. வேகத்துக்கு மேல் தராது. அங்கே இழந்த நேரத்தை நெடுஞ்சாலையில் மீட்கத் தோன்றும். அதைவிட மோசமானது, கடைசி ஏற்றம் 23ஆவது மணி நேரத்தில் வருவது.

முதல் நாள் பகலிலேயே தாப்பாவுக்கு இறங்கிவிட வேண்டும். அங்கே உறவினர் வீட்டிலோ மலிவான தங்கும் விடுதியிலோ இரவு 8 மணிக்கெல்லாம் படுத்துவிட வேண்டும். முடித்த பிறகும் அதே இடத்தில் தூங்கி எழுந்து, வெளிச்சத்தில் மலை ஏற வேண்டும். திரும்பிய இரவுக்கான அறைக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிடுவது நல்ல உத்தி. பணம் கட்டிய அறை காத்திருந்தால், ‘வீட்டுக்குப் போய்விடலாமே’ என்ற சபலம் கொஞ்சமாவது குறையும்.

தாப்பாவிலிருந்து தொடங்குவதில் இன்னொரு வசதியும் உண்டு. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை வடக்கே புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து தெற்கே ஜோகூர் பாரு வரை ஓடுகிறது. தலைநகரைச் சுற்றிச் செல்லும் இணைப்பையும் சேர்த்தால் ஒரு வழி சுமார் 800 கி.மீ. தாப்பா அதன் நடுவில் இருக்கிறது. தாப்பாவிலிருந்து வடக்கு எல்லைக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 670 கி.மீ., ஜோகூர் பாருவுக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 950 கி.மீ. இரண்டும் சேர்ந்தால் 1,620-ஐ ஒட்டி வரும்.

அதிகாலை 4 மணிக்குப் புறப்படும் ஒரு குழுவைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம். ஈப்போவைத் தாண்டி, மெனோரா சுரங்கப்பாதையின் ஏற்ற இறக்கங்களை இருட்டில் கடக்க வேண்டியிருக்கும். பாரம் ஏற்றிய லோரிகள் அங்கே மிக மெதுவாக ஏறும் என்பதால் இடது தடத்தில் கவனம் தேவை. கூனோங் செமங்கோல், குருன் ஓய்வுத்தளங்களில் நின்று, காலை எட்டரை மணிக்குள் எல்லை நகரத்தை எட்டலாம். திரும்பித் தாப்பாவைக் கடக்கும்போது மணி பகல் பன்னிரண்டே முக்கால்.

வடக்கை முதலில் வைப்பதன் பயன் இங்கேதான் தெரியும். பயணத்தின் ஐந்தில் இரண்டு பங்கு முடிந்த நிலையில் குழு வீட்டுச் சந்திப்புக்கே திரும்பி வந்துவிடுகிறது. தலைவலிக்கிறது, முதுகு பிடித்துக்கொண்டது, சங்கிலியில் சத்தம் கேட்கிறது, அல்லது மனசு சரியில்லை என்று யார் சொன்னாலும் அவர் அங்கே விலகி, பகல் வெளிச்சத்தில் மலை ஏறிவிடலாம். தெற்கை முதலில் வைத்தால் அந்த வாய்ப்பு இரவில்தான் வரும்.

தொடர்பவர்கள் சிரம்பான், ஆயர் குரோ, பாகோ, மாச்சாப் ஓய்வுத்தளங்களைப் பிடித்து மாலை 7 மணி வாக்கில் ஜோகூர் பாருவை அடைவார்கள். இரண்டு மணி நேரம் படுத்துத் தூங்கிவிட்டு 9 மணிக்குத் திரும்பினால் தாப்பாவில் அதிகாலை மூன்றே கால். கையில் மிச்சம் 45 நிமிடம். ஒரு பஞ்சரும் ஒரு பெருமழையும் வந்தால் அதுவும் போய்விடும்.

இந்த மிச்சம் போதாது. அதனால் முதல் ஆண்டில் முழுப் பயணத்தை முயல்வதில் பொருள் இல்லை. முதலில் தாப்பா, சிம்பாங் பூலாய், கம்போங் ராஜா, ரிங்லெட் வழியாகச் சுற்றி வரும், 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வட்டத்தைப் பகலில் ஓட்டிப் பழகலாம். பிறகு வடக்குச் சுற்று மட்டும். சில மாதம் கழித்துத் தெற்குச் சுற்று மட்டும். இதற்கெல்லாம் அமெரிக்காவிலிருந்து சான்றிதழ் வராது, ஆனால் யாருடைய முதுகு எத்தனை மணி நேரம் தாங்கும், யார் பசித்தால் கோபப்படுவார், யார் தூக்கம் வந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது தெரிந்துவிடும். கடைசியாகச் சொன்னவரோடு இரவுப் பயணம் போகக் கூடாது.

கிழக்குக்கரை வழியாகத் தீபகற்பத்தையே சுற்றும் யோசனையும் அடிக்கடி எழுகிறது. அழகான பாதை. ஆனால் கெரிக்–ஜெலி நெடுஞ்சாலையில் இரவில் மூடுபனியும், சாலையைக் கடக்கும் காட்டு யானைகளும் உண்டு. மலையிலிருந்து சுங்கை கோயான் வழியாக இறங்கும் சாலையிலும் குவா மூசாங் சாலையிலும் நெடுந்தூரத்துக்கு ஆள் நடமாட்டம் குறைவு. இவற்றைப் பகல் பயணங்களாக வைத்துக்கொள்ளலாம்.

பதினேழாவது மணி நேரம்

தூக்கத்தை மனவலிமையால் வெல்லலாம் என்று நம்புகிறவர்களுக்கு ஆய்வாளர்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். 1997-இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் ஆகியோர் செய்த ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதைக் காட்டியது. 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 விழுக்காட்டுக்குச் சமம். மலேசியாவில் 2020-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு வாகனமோட்டிக்கான வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம். அதுவும் 0.05 விழுக்காடுதான். சாராயம் தொடாதவர்கூட, அதிகாலை 3 மணிக்கு எழுந்திருந்தால் இரவு 8 மணிக்கு அந்த வரம்பைத் தொட்டுவிடுகிறார். போலீசாரின் ஊதுகருவி அதைக் காட்டாது, அவ்வளவுதான்.

உடலுக்கென்று ஒரு கடிகாரம் உண்டு. நள்ளிரவு 2 மணி முதல் விடியற்காலை 6 வரையும், பிற்பகல் 2 முதல் 4 வரையும் அது தானாகத் தூக்கத்துக்கு இழுக்கும். 100 கி.மீ. வேகத்தில் மூன்று விநாடி கண் மூடினால் மோட்டார் 80 மீட்டருக்கு மேல் போயிருக்கும். காரில் இருப்பவரையாவது இருக்கைப் பட்டை பிடித்துக்கொள்ளும்.

கடைசிச் சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்பது நினைவில்லை, பலகையைப் படித்தும் மனதில் பதியவில்லை, தடம் மாறியதே தெரியவில்லை என்றால் அடுத்த ஓய்வுத்தளத்தில் நிறுத்திவிட வேண்டும். காப்பி குடித்தால் அது வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். அதைக் குடித்துவிட்டு 20 நிமிடம் கண்ணயர்வதுதான் சரியான முறை. அயர்ன் பட் ஓட்டுநர்கள் மோட்டாரின் பக்கத்தில் மேசை மீதோ பெஞ்சின் மீதோ தலைக்கவசத்தோடு படுத்துவிடுவதை ‘அயர்ன் பட் விடுதி’ என்று கிண்டலாகச் சொல்வார்கள். நம் ஓய்வுத்தளங்களில் அதற்குக் குடிலும் பெஞ்சும் தாராளமாக இருக்கின்றன. வெட்கப்பட வேண்டியதில்லை.

குழுவில் ஒரு விதி எழுதப்படாமல் இருக்கக் கூடாது. ஒருவர் ‘போதும்’ என்றால் மற்றவர்கள் காரணம் கேட்காமல் நிற்க வேண்டும். வயதில் மூத்த அண்ணன் முடிவெடுப்பார் என்று விட்டுவிடுவது நம்மிடையே வழக்கம். தம்பிக்குத் தூக்கம் வந்தாலும் அண்ணன் முன்னால் சொல்லக் கூச்சப்படுவார். ஆகவே இந்த உரிமை குழுவில் ஆக இளையவருக்கும் உண்டு என்று புறப்படும் முன்பே அண்ணன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும்.

வண்டி, உடை, தண்ணீர்

புது டயர், புது இருக்கை, புது விளக்கு எதையும் பயணத்துக்கு முதல் நாள் மாற்றக் கூடாது. இரண்டு வாரத்துக்கு முன் மாற்றி, 300 கி.மீ. ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். காப்சாய் இயந்திரத்தில் இருக்கும் மசகெண்ணெய் ஒரு லிட்டரை ஒட்டித்தான். மணிக்கணக்கில் முறுக்கி ஓட்டும்போது அது குறையும். எனவே மூன்று நிறுத்தத்துக்கு ஒரு முறை அளவுக்குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். சங்கிலிக்கு 500 கி.மீ.க்கு ஒரு முறை எண்ணெய். உள்குழாய், ஸ்பார்க் பிளக், விளக்கு பல்பு ஆகியவை குழுவுக்கு ஒரு தொகுதி இருந்தால் போதும். மலையில் மட்டும் ஓட்டியவர்களின் மோட்டார்களில் பிரேக் கட்டைகள் வேகமாகத் தேய்ந்திருக்கும் என்பது பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். தாப்பாவுக்கு இறங்கும்போதே இரண்டாவது, மூன்றாவது கியரில் இயந்திரத்தையே தடையாக வைத்து இறங்கினால் பிரேக் சூடேறாது.

உடை விஷயத்தில் மலைவாசிகளுக்கு ஒரு தனிச் சிக்கல். காலை 17, 18 டிகிரிக்குப் பழகிய உடம்பு கெடா வயல்வெளியின் பகல் வெயிலில் நீரை வேகமாக இழக்கும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கால் முதல் அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று பொருள். சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக. மதியம் வயிறு நிறைய நாசி கண்டார் சாப்பிட்டவர் மூன்று மணிக்குத் தூங்கி வழிவார்.

திரும்பும்போது நிலைமை நேர்மாறு. வியர்வையிலோ மழையிலோ நனைந்த சட்டையோடு தாப்பாவிலிருந்து ஏறினால், ரிங்லெட்டுக்குள் நுழையும்போது விரல்கள் விறைத்துப் பிரேக்கைப் பிடிக்கக்கூட உணர்வு இருக்காது. ஓர் உலர்ந்த சட்டையும் உலர்ந்த கையுறையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டியின் அடியில் இருக்கட்டும். அதை மலையடிவாரத்தில்தான் பிரிக்க வேண்டும்.

மழை வந்தால் நெடுஞ்சாலை மேம்பாலத்தின் அடியில், அவசரத் தடத்தில் கூட்டமாக நிற்பது நம் நாட்டில் பரவலான பழக்கம். வழுக்கும் சாலையில் கட்டுப்பாட்டை இழக்கும் வாகனம் நேராக அங்கேதான் வரும். மோட்டாரோட்டிகளுக்கென்று கட்டப்பட்ட ஒதுங்கிடங்கள் இருக்கின்றன. அடுத்த ஓய்வுத்தளமும் அதிக தூரத்தில் இருக்காது. மழைச்சட்டையை மேகம் கறுக்கும்போதே, எண்ணெய் நிலையத்தில் வைத்தே போட்டுக்கொண்டால் இந்தப் பிரச்சினை எழாது. ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கும் நம் சாலைகளில், இறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் மோட்டாரில் சென்றவர்கள்.

டோல் இல்லாததால் வரும் தொல்லை

மலேசிய நெடுஞ்சாலைகளில் மோட்டாருக்குக் கட்டணம் இல்லை. பணப்பைக்கு நல்லது, சான்றிதழுக்குத் தொல்லை. கார் ஓட்டுபவருக்கு எந்தச் சாவடியில் எத்தனை மணிக்கு நுழைந்தார் என்ற பதிவு தானாகக் கிடைத்துவிடும். மோட்டார்க்காரருக்கு எண்ணெய் நிலைய ரசீதுதான் ஒரே சாட்சி. ஆகவே தொடக்கத்தில் ஒன்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்று, வடக்கு முனையிலும் தெற்கு முனையிலும் கட்டாயம் ஒன்று, முடிவில் ஒன்று என்று தேதி, நேரம், இடம் அச்சான ரசீதுகளை ஒவ்வொருவரும் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும். நண்பருடைய ரசீது நமக்குச் செல்லாது. கருவியின் கடிகாரம் தவறாக இருக்கக்கூடும் என்பதால் அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் அந்தக் காகிதத்தின் எழுத்து மறைந்துவிடும், உடனே படம் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் மோட்டாரின் கிலோமீட்டர் எண்ணையும் எழுதி வைக்க வேண்டும்.

வண்டியின் மீட்டர் பொதுவாகச் சற்றுக் கூட்டியே காட்டும். சங்கம் தூரத்தைச் சரிபார்ப்பது வரைபடத்தை வைத்து. 1,620 என்று நினைத்தது வரைபடத்தில் 1,600 ஆகிவிட்டால் உழைப்பு வீண். திட்டமிடும்போதே 30, 40 கி.மீ. கூடுதலாக வைப்பதும், ஓட்டி முடிக்கத் தேவையான நேரத்தை அதற்கேற்பக் கூட்டிக்கொள்வதும் அவசியம்.

மலையில் இருக்கும் ஒருவரிடம் எல்லோருடைய அடையாள அட்டை எண், இரத்தப் பிரிவு, வீட்டுத் தொலைபேசி எண், நிறுத்தங்களின் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வரிச் செய்தி. குறித்த நேரத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் செய்தி வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் அவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். நெடுஞ்சாலையில் பழுதானால் பிளஸ் நிறுவனத்தின் 1800-88-0000 எண்ணுக்கு, விபத்தென்றால் 999-க்கு அழைக்கலாம். தாப்பா சாலையின் சில வளைவுகளிலும் தோட்டத்து உட்சாலைகளிலும் தொலைபேசி அலை கிடைக்காது. அந்த இடங்களைக் கடக்கும் முன்பும் பின்பும் செய்தி அனுப்புவது நல்லது.

தீபாவளிக்கு முந்தைய இரவு

சான்றிதழே வேண்டாம் என்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ஜோகூரிலும் வேலை பார்க்கிறார்கள். தோட்டங்களில் கொழுந்து எடுப்பதில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். அம்மா அப்பா மட்டும் தோட்டத்து வீட்டிலோ பட்டணத்து அடுக்குமாடியிலோ இருக்கிறார்கள். பெருநாளுக்கு முந்தைய இரவு, வேலை முடிந்ததும் பையைக் கட்டிக்கொண்டு மோட்டாரில் மலைக்குக் கிளம்புவது வழக்கமாகிவிட்டது. அதை யாரும் நெடுந்தூரப் பயணம் என்று சொல்வதில்லை, ‘பாலேக் கம்போங்’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஜோகூர் பாருவில் தங்கி சிங்கப்பூரில் வேலை செய்யும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். பாலத்து நெரிசலைத் தவிர்க்க அதிகாலை 4 மணிக்கு எழுகிறார். மாலை வேலை முடித்து, எல்லையைக் கடந்து, குளித்து, இரவு 7 மணிக்கு மோட்டாரை எடுக்கிறார். அவருடைய பதினேழாவது மணி நேரம் இரவு 9 மணிக்கு முடிந்துவிடுகிறது. அப்போது அவர் ஆயர் குரோவைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். இன்னும் 270 கி.மீ.க்கு மேல் நெடுஞ்சாலை. நின்று நின்று போனால் தாப்பா வரும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். விழித்து 21 மணி நேரம். அதன் பிறகுதான் இருட்டில், பனியில், எதிரே காய்கறி லோரிகள் இறங்கி வரும் வளைவுகளில் ஏற வேண்டும். அயர்ன் பட் சங்கத்து அனுபவசாலிகள்கூட இப்படி ஒரு பயணத்தைத் திட்டமிட மாட்டார்கள்.

வழி இல்லாமல் இல்லை. இரவு 7 மணிக்குக் கிளம்புவதற்குப் பதில் அந்த இரவைத் தூங்கிக் கழித்துவிட்டு, விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டால் நண்பகலுக்குள் தாப்பா, பிற்பகலில் வீடு. எண்ணெய்க் குளியல் அன்று காலை தவறிப்போகும், உண்மைதான். அம்மாவிடம் முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டால் வெந்நீர் மதியம் வரை அடுப்பில் இருக்கும். அப்படியும் இரவே கிளம்பித்தான் ஆக வேண்டும் என்பவர் தாப்பா ஓய்வுத்தளத்திலேயே மோட்டாரை நிறுத்திப் படுத்துவிடலாம். காலை 7 மணிக்கு மேல் வெளிச்சம் வந்துவிடும். ஒன்பது மணிக்குள் ரிங்லெட்.